நாய்க்கு ஐந்து கால்

ஒவ்வொரு ஆண்டும் கல்லூரி திறந்த மூன்றாவது வாரம், தேர்வுப் பிரிவு அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் நீள அறையில் முப்பது நாற்பது பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்க முன்வந்தவர்கள். அவர்கள் வாயால் சொல்ல, இவர்கள் கையால் எழுத வேண்டும். நல்ல காரியம் செய்யப்போகிற களை எல்லா முகத்திலும் தெரியும். தேர்வுப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு அம்மா உள்ளே வருவார். வரவேற்புரை கிரவேற்புரை எல்லாம் கிடையாது. "பேனாவை எடுங்க, நான் சொல்றதை எழுதுங்க" என்பார். பிறகு நிறுத்தி நிதானமாகச் சொல்வார்: "நாய்க்கு ஐந்து கால்."

சிலர் சிரிப்பார்கள். சிலர் பக்கத்துப் பேப்பரை எட்டிப் பார்ப்பார்கள். தாள்களை வாங்கிப் பார்த்தால் பத்துப் பேராவது 'நான்கு கால்' என்று எழுதியிருப்பார்கள்.

"நாலுன்னு எழுதினவங்க ரொம்ப நல்ல பிள்ளைங்க" என்பார் அந்த அம்மா. "அதனாலதான் உங்களை இப்போதைக்கு அனுப்ப மாட்டேன். கோவிச்சுக்காதீங்க. நானும் ஒரு காலத்துல உங்க கட்சிதான்."

அந்த ஒரு காலத்தில் அவருக்குப் பெயர் அச்சு. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. முதலாண்டு தாவரவியல் வகுப்பில் அவள் எழுதின நோட்டைப் பார்த்துவிட்டு, இது கையால் எழுதினதா, அச்சடித்ததா என்று ஒருத்தி கேட்டாள். அன்றோடு பழைய பெயர் போயிற்று.

கையெழுத்து மட்டுமில்லை, கையே சும்மா இருக்காது அவளுக்கு. பக்கத்து இருக்கைத் தோழிக்குப் படம் வரைய வராது. இலையை வரைந்தால் உடைந்த நாற்காலி போல இருக்கும். "குடு இப்படி" என்று வாங்கி அச்சுவே வரைந்துவிடுவாள். தோழியின் செய்முறை நோட்டில் இருந்த இலை, வேர், பூ அத்தனையும் அச்சுவின் கைவரிசைதான். யாராவது ஒரு சொல்லுக்குத் திணறினால் அவள் எடுத்துக் கொடுப்பாள். யாராவது மூட்டையைத் தூக்கத் திணறினால் கேட்காமல் பிடுங்கித் தூக்கிப்போவாள். தங்கமான பெண் என்று ஊரே சொன்னது. அவளும் நம்பினாள், ஏன் நம்பக்கூடாது?

எல்லாம் வீட்டுப் பழக்கம். அப்பா தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர். யோசித்து யோசித்துத்தான் பேசுவார். அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் ஒரு மோட்டாரைக் கழற்றி மாட்டிவிடலாம். அம்மா ஒரு மருத்துவமனையில் டோக்கன் எண்ணைச் சத்தமாகக் கூப்பிடுபவர். நாள் முழுக்க நூறு பேரைக் காத்திருக்க வைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவருக்குத் தான் காத்திருக்கப் பொறுமை ஏது? அப்பா சாப்பாட்டில் உட்கார்ந்து "எனக்கு..." என்று ஆரம்பித்தால், "இன்னொரு கரண்டி, அவ்வளவுதானே" என்று அம்மா போட்டுவிடுவார். அப்பா தலையாட்டுவார். அம்மா முடிக்காத வாக்கியத்தை அச்சு முடிப்பாள். அந்த வீட்டில் அப்பா ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

கல்லூரி அறிவிப்புப் பலகையில் தேர்வு எழுதிக் கொடுக்க ஆள் தேவை என்ற தாளைப் பார்த்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தது அச்சுதான். வரலாறு மூன்றாம் ஆண்டு படித்த ஓர் அண்ணனுக்கு அவளை ஒதுக்கினார்கள். கல்லூரியில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். மூடியைத் திறந்து முள்ளைத் தடவி மணி பார்க்கிற கைக்கடிகாரம் ஒன்று கட்டியிருப்பார். மணி கேட்டால் கண் தெரிந்தவர்களைவிடச் சரியாகச் சொல்வார். அச்சு அவருக்குப் பாடங்களை டேப் ரெக்கார்டரில் வாசித்துப் பதிந்து கொடுத்தாள். படிகளில் இறங்கும்போது அவர் அவள் முழங்கையை லேசாகப் பிடித்துக்கொள்வார். கேன்டீனில் தேநீர் வந்தால் அச்சு கண்ணாடி டம்ளரை எடுத்து அவர் கைக்குள் வைத்து, விரல்களையும் அவளே மூடிவிடுவாள். அவர் ஒன்றும் சொன்னதில்லை.

பள்ளிக்கூட ஆசிரியராக வேண்டும் என்பது அவர் ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது, பிடிவாதம். அதற்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் வேண்டும். பட்டப்படிப்பில் அறுபது சதவீதம் இல்லாமல் அந்த வாசலை மிதிக்க முடியாது. அவருடைய மற்றத் தாள்கள் எல்லாம் கூடி அவரை அறுபதின் விளிம்பில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தன. உலக வரலாறு என்ற ஒரு தாளில் அறுபதுக்குக் கீழே போனால் கதை முடிந்தது.

முதல் பருவத் தேர்வில் அந்தத் தாளை எழுத இருவரையும் ஒரு தனி அறையில் உட்கார வைத்தார்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கிறீச் கிறீச் என்று சுற்றும் மின்விசிறி. கண்காணிப்பாளர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார். அண்ணன் மெல்லச் சொன்னார். சொல்லி நிறுத்துவார். யோசிப்பார். அந்த இடைவெளி அச்சுவுக்குப் பொறுக்கவில்லை. அவள்தான் எல்லாப் பாடத்தையும் வாசித்துப் பதிந்தவளாயிற்றே, அடுத்து என்ன வரவேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? மூன்று காரணம் சொன்ன இடத்தில் நான்காவதைச் சேர்த்தாள். பிசகிய ஆண்டு ஒன்றைத் திருத்தினாள். கடைசிக் கேள்விக்கு வந்தபோது கை நன்றாகச் சூடாகிவிட்டது. போரின் விளைவுகள் பற்றி அவர் சாதாரணமாக ஒரு முடிவுரை சொன்னார். அதன் கீழே அச்சு தன் பங்குக்கு ஒரு வரி போட்டாள்: 'காலச்சக்கரம் கண்ணீரில் நனைந்தபடியே சுழன்றது.'

எழுபத்தெட்டு மதிப்பெண் வந்தது. வகுப்பிலேயே முதலிடம். வரலாற்றுப் பேராசிரியைக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். விடை எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்று அந்தத் தாளை வகுப்பில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். அண்ணன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டார். நான்காவது காரணம் வந்தது. காலச்சக்கரம் வந்தது, கண்ணீரில் நனைந்தது, சுழன்றது. நாற்பது பேர் கை தட்டினார்கள். தன் வாயிலிருந்து ஒருநாளும் வராத வாக்கியத்துக்கு வந்த கைதட்டலை அவர் குனிந்த தலையோடு வாங்கிக்கொண்டார்.

மதியம் கேன்டீனில் அச்சு வழக்கம்போல டம்ளரை அவர் கையில் வைக்கப் போனாள். அவர் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"காலச்சக்கரம் யாரோடது?" என்று கேட்டார்.

அச்சுவுக்கு முதலில் பெருமைதான் வந்தது. "நல்லாத்தானே அண்ணா இருக்கு? மேடம்கூடப் பாராட்டினாங்களாமே."

"வேற என்னெல்லாம் எழுதின?"

"சின்னச் சின்னதுதான். நீங்க விட்டுட்டதை..."

"எழுபத்தெட்டுல எத்தன என்னோடது?"

அவள் வாயைத் திறந்தாள். மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை.

"எனக்கும் தெரியாது" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு நான் நாப்பது பசங்க முன்னால போய் நிக்கணும். இந்த மார்க்கை வச்சுக்கிட்டுப் போனா, அங்க நிக்கிறது நானா, நீயா? எனக்குக் கண்ணு தெரியாது, அச்சு. எனக்கு எதுவுமே தெரியாதுன்னு உனக்கு யார் சொன்னது?" பிறகு கடிகார மூடியைத் திறந்து முள்ளைத் தடவினார். "நாளைக்குப் பத்து மணிக்குத் துறைத் தலைவர்கிட்டப் போறேன். இந்த மார்க் எனக்கு வேண்டாம்." மடக்குக் கோலை விரித்துத் தட்டிக்கொண்டு தனியாகப் போனார். அவள் முழங்கையை அன்று அவர் தேடவில்லை.

வீட்டில் அழுதுகொண்டே சொன்னாள். அம்மாவுக்குக் கோபம் வந்தது. "நல்லது செஞ்சா பொல்லாப்பு. நீ என்ன திருடினியா? குடுக்கத்தானே செஞ்சே? அந்தப் பையனுக்கு நன்றி இல்ல, விடு." கேட்க எவ்வளவு இதமாக இருந்தது. அப்பா "அவன் சொல்றது..." என்று தொடங்கினார். "சரியில்லன்னுதான் நானும் சொல்றேன்" என்று அம்மா முடித்தார். அச்சுவுக்கு அந்த இதத்திலேயே சுருண்டு படுத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் எத்தன என்னோடது என்ற கேள்வி மட்டும் படுக்கவிடவில்லை.

மறுநாள் பத்து மணிக்குத் துறைத் தலைவர் அறை வாசலில் நின்றாள். கோல் தட்டும் ஓசை கிட்டே வந்து நின்றது.

"யாரு?"

"அச்சு."

"நீ எதுக்கு வந்த?"

"நான் செஞ்சதை நான்தானே சொல்லணும்."

இருவரும் உள்ளே போனார்கள். துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். அவர் பணிக்காலத்தில் மதிப்பெண் குறைவு என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு, அதிகம் என்று வந்தவர் இவர்தான் முதல். அந்தத் தாள் ரத்தாயிற்று. இறுதித் தேர்வோடு சேர்த்து மறுபடி எழுத வேண்டும். அச்சுவின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தார். சிவப்பு மை, ஒரே கோடு. அவளுக்கு அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்க முகம் எரிந்தது.

சரி, பட்டது போதும் என்று ஒதுங்கியிருக்கலாம். அவள் ஒதுங்கவில்லை. ஒரு வாரம் கழித்து நூலகத் தாழ்வாரத்தில் அண்ணன் எதிரே போய் நின்றாள்.

"எனக்கு நீங்க சொன்னதை மட்டும் எழுத வரணும். தேர்வுக்கு இல்ல. அதான் பேரை அடிச்சாச்சே. எனக்காக. தினம் அரைமணி நேரம் எதையாவது சொல்லுங்க, நான் எழுதுறேன். நூலகர் படிச்சுக் காட்டட்டும்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தை நிரப்பாமல் நிற்க அச்சு பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"ஒன்னேகால் மணி" என்றார் கடைசியில். "ஒரு நிமிஷம் லேட்டானாலும் போயிடுவேன்."

முதல் நாள் அவர் சொன்ன முதல் வாக்கியம்தான் நாய்க்கு ஐந்து கால். அடுத்தது, மழை தரையிலிருந்து மேலே பெய்தது. அச்சு சிரித்துக்கொண்டே எழுதினாள். இது என்ன பெரிய வித்தை? பிறகு வேகம் கூட்டினார். ஒரு கட்டுரை போலவே சொன்னார். முடிந்ததும் நூலகர் தாளை வாங்கிப் படித்தார். அவருக்கு எதைப் படித்தாலும் செய்தி வாசிக்கிற குரல்தான். நாய்க்கு ஐந்து கால் என்பதையும் தலைப்புச் செய்தி மாதிரி வாசித்தார்.

"இந்த மாற்றத்துக்கு மூன்று காரணங்கள் உண்டு" என்று நூலகர் வாசித்தபோது அண்ணன் கையைத் தூக்கினார்.

"நான் நாலுன்னு சொன்னேன்."

"இல்லண்ணா, மூணுதான் சொன்னீங்க."

"நாலுன்னு சொல்லிட்டு மூணை மட்டும் சொன்னேன். வேணும்னுதான்."

அச்சு தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். மூன்று என்றுதான் இருந்தது, அவளுடைய அச்சடித்த எழுத்தில். எழுதினதே நினைவில்லை. கை தானாகவே கணக்குப் பார்த்துத் திருத்தியிருந்தது. அன்று மட்டும் இப்படிப் பதினோரு இடம். அவள் முகம் செத்துப்போயிற்று. நூலகர் கனைத்துக்கொண்டு அலமாரி அடுக்கப் போய்விட்டார்.

"நாளைக்கு?" என்று கேட்டார் அண்ணன்.

"ஒன்னேகால்" என்றாள்.

இரண்டாம் வாரம் ஏழு இடம். பிறகு ஆறு. ஒருநாள் ஐந்துக்கு வந்துவிட்டோம் என்று குதித்தாள், மறுநாள் ஒன்பது. போய்த் தொலையட்டும் என்று பேனாவை மூடிய நாளும் உண்டு, மூடிய பேனாவை மறுபடி திறந்ததும் அதே நாள்தான். தன் கையை அடக்க அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அவர் நிறுத்தினால் அவளும் பேனாவைத் தாளிலிருந்து தூக்கிவிட வேண்டும். தாளில் முனை பட்டுக்கொண்டிருந்தால்தானே வம்பு? அவர் அடுத்த சொல்லைச் சொல்லும்வரை பேனா அந்தரத்தில் நிற்கும். விரல் வலிக்கும், வலிக்கட்டும்.

பேனாவைத் தூக்கிப் பழகியபிறகு அவளுக்கு வேறு சிலதும் கண்ணில் பட்டன. கேன்டீன் அக்கா அண்ணனுக்குத் தேநீர் கொண்டுவந்தால் கையில் திணிப்பதில்லை. டம்ளரை மேசையில் இரண்டு முறை 'டக் டக்' என்று தட்டி வைத்துவிட்டு, தன் பாட்டுக்குப் போய்விடுவார். அண்ணன் ஓசை வந்த இடத்துக்குக் கையை நீட்டி எடுத்துக்கொள்வார். மூன்று வருஷமாக இப்படித்தான் நடக்கிறதாம். மூன்று மாதமாக அதே மேசையில் உட்கார்ந்து, அவர் விரல்களை மூடிவிட்டுக்கொண்டிருந்த அச்சுவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

தோழியின் நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "இனிமே நீயே வரை. நான் பக்கத்துல இருக்கேன்" என்றாள். தோழி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் இலையின் குறுக்குவெட்டை வரைந்துகொண்டு வந்தாள். நாற்காலி போலத்தான் இருந்தது. ஆனால் இந்த முறை நான்கு காலும் நேராக இருந்தன. அச்சு பென்சிலைத் தொடாமல் தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒருநாள் வீட்டில் சாப்பிடும்போது அப்பா "எனக்கு..." என்று ஆரம்பித்தார். அம்மாவின் கரண்டி கிளம்பிவிட்டது. அச்சு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இரும்மா. அப்பா முடிக்கட்டும்."

அப்பாவுக்கே இது புதிது. மகளைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். வீடு மொத்தமும் காத்திருந்தது.

"எனக்கு... போதும்" என்றார்.

அம்மா கரண்டியை அப்படியே பிடித்தபடி நின்றார். "அப்போ இத்தன வருஷமா?"

அப்பா யோசித்தார். "சாப்பிட்டேன்" என்றார். முதலில் சிரித்தது அம்மாதான். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "வேற என்னெல்லாம் சொல்ல வந்தீங்க, சொல்லுங்க" என்று கேட்டார். அன்று அப்பா நிறையப் பேசினார். சாப்பாடு ஆறிப்போனது.

இதற்கிடையில் அண்ணனின் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. அச்சுவுக்குப் பதிலாகக் கொடுத்த மாணவன் நல்லவன்தான், சொன்னதைச் சொன்னபடி எழுதினான். என்ன எழுதினான் என்பதை மட்டும் யாராலும் படிக்க முடியவில்லை. மாதிரித் தேர்வில் நாற்பத்தொன்று வந்தது. விடைத்தாளின் ஓரத்தில் பேராசிரியை மூன்று இடங்களில் 'புரியவில்லை' என்று எழுதியிருந்தார். இறுதித் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. இவரது மூன்று வருஷ உழைப்பு அந்தக் கோழிக் கிறுக்கலில் மாட்டிக்கொண்டு நின்றது.

அடுத்த நாள் ஒன்றேகாலுக்கு அண்ணன் வந்து உட்கார்ந்தார். "இன்னைக்குக் கடிதம்" என்றார். "எழுது. மதிப்பிற்குரிய துறைத் தலைவர் அவர்களுக்கு."

அச்சு எழுதினாள்.

"இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும் மாணவி, சென்ற பருவத்தில் நான் சொல்லாதவற்றை என் விடைத்தாளில் எழுதினார்."

பேனா தயங்கியது. எழுதினாள்.

"என்மேல் இரக்கப்பட்டு அப்படிச் செய்தார். அந்த இரக்கம் எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. வகுப்பில் எனக்காகக் கை தட்டிய அன்று, நான் படிப்பை விட்டுவிடலாம் என்று நினைத்தேன்."

இது அவளுக்குத் தெரியாது. கண் நிறைந்து எழுத்து மங்கியது. 'பெரிய' என்ற சொல்லை விட்டுவிடலாமா என்று கை ஒரு கணம் கெஞ்சியது. விடவில்லை. பெரிய அவமானம் என்றே எழுதினாள், அவளுடைய அழகான எழுத்தில், ஒவ்வொரு சுழியும் சுத்தமாக.

"அதன்பிறகு நாற்பத்தொரு நாட்களாக அவர் தினமும் என்னிடம் வந்து, சொன்னதை மட்டும் எழுதப் பழகுகிறார். இப்போது அவர் கையை நான் நம்புகிறேன். இறுதித் தேர்வில் அவரே எனக்கு எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்."

அச்சு பேனாவைத் தூக்கினாள். நம்புகிறேன் என்ற சொல்லைத் திரும்பிப் பார்க்கக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது.

கடிதத்தைத் துறைத் தலைவரிடம் அவளே கொண்டுபோனாள். அவர் இரண்டு முறை படித்தார். "இதை எழுதினது நீதானா?" என்றார். ஆமாம் என்றாள். "உன்னைப் பத்தி இப்படி எழுதச் சொன்னதும் எழுதிட்டியா?" அதற்கும் ஆமாம் என்றாள். அவர் தாளில் ஓரிடத்தில் விரலை வைத்தார். "நாற்பத்தொரு நாளா வர்றியா?"

"முப்பத்தெட்டு நாள் சார்."

"அப்போ இது?"

"அவர் நாற்பத்தொன்னுன்னு சொன்னார் சார்."

துறைத் தலைவர் அவளைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து அந்தப் பழைய பட்டியலை எடுத்தார். சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் அவள் பெயரை மறுபடி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

தேர்வு நாளன்று அதே அறை, அதே மின்விசிறி. கண்காணிப்பாளர் மட்டும் வேறு. இவர் செய்தித்தாள் கொண்டுவரவில்லை, கதவருகே நாற்காலி போட்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அச்சு கேள்விகளை வாசித்தாள். அரைமணிக்கு ஒருமுறை எத்தனை பக்கம் ஆயிற்று என்று சொன்னாள், அவ்வளவுதான் அவள் பேச்சு. அண்ணன் சொல்வார், நிறுத்துவார். பேனா மேலே நிற்கும். மறுபடி சொல்வார்.

ஆறாவது கேள்வி முதல் உலகப் போரில் நாடுகளின் அணிகள் பற்றியது. பதினைந்து மதிப்பெண். அண்ணன் நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். திடீரென்று சொன்னார்: "இத்தாலி தொடக்கம் முதல் இறுதி வரை ஜெர்மனியின் பக்கமே நின்று போரிட்டது."

அச்சு பேனாவைத் தூக்கிப் பிடித்தாள். தப்பு. இத்தாலி போர் தொடங்கிய அடுத்த ஆண்டே எதிரணியில் சேர்ந்துவிட்டது. அந்தப் பாடத்தை அவள்தான் மூன்று முறை வாசித்துப் பதிந்தாள். அண்ணனுக்கும் இது நன்றாகத் தெரியும், பதற்றத்தில் நாக்குப் புரண்டுவிட்டது. இரண்டு மூன்று மதிப்பெண் போய்விடும். விளிம்பில் நிற்கிறவருக்கு இரண்டு மூன்று என்பது சின்னத் தொகையா? அறுபது வராவிட்டால் ஆசிரியர் வேலை போயிற்று, அந்த நாற்பது பிள்ளைகள் போயிற்று. ஒரு இருமல் போதும். பேனாவை மேசையில் கொஞ்சம் பலமாக வைத்தாலே போதும், அவர் காது பிடித்துக்கொள்ளும். கண்காணிப்பாளருக்குக்கூடத் தெரியாது.

அவள் இருமவில்லை. இத்தாலி தொடக்கம் முதல் இறுதி வரை ஜெர்மனியின் பக்கமே நின்று போரிட்டது என்று எழுதினாள். கடைசியில் அவர் "ஆறாவதைப் படி" என்றபோது எல்லா வரியையும் படித்தாள். அந்த வரியில் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நூலகரின் செய்தி வாசிப்புக் குரலைக் கடன் வாங்கிக்கொண்டாள். அண்ணன் தலையாட்டினார். மணி அடித்தது. தாளைக் கட்டிக் கொடுத்தார்கள்.

வெளியே வந்து மாடிப்படிகளில் இறங்கினார்கள். அவர் கோலைத் தட்டியபடி முன்னால், அவள் ஒரு படி பின்னால். பாதிப் படியில் அண்ணன் சட்டென்று நின்றுவிட்டார்.

"இத்தாலி" என்றார்.

அச்சு ஒரு படி மேலேயே நின்றாள்.

"ஐயோ. கடைசி வரைக்கும் ஜெர்மனி பக்கம்னு சொன்னேன்ல?"

"ஆமாண்ணா."

"அப்படியே எழுதிட்டியா?"

"அப்படியே."

"தப்புன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்." அதற்குமேல் அவளால் முடியவில்லை, அழுகை வந்துவிட்டது. "தெரிஞ்சுதான் எழுதினேன் அண்ணா."

படியில் ஏறி வந்தவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள். அண்ணன் கோலை மடக்கிப் பைக்குள் வைத்தார். காற்றில் கையை நீட்டி, அவள் முழங்கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"வா, இறங்கலாம்" என்றார்.

ஐந்து வாரம் கழித்து முடிவு வந்தது. அண்ணன் மதிப்பெண் பட்டியலை உறையைக்கூடப் பிரிக்காமல் கேன்டீனுக்குக் கொண்டுவந்து அச்சுவிடம் நீட்டினார். அவள் பிரித்தாள். கண் நேராக அந்த வரிக்குப் போயிற்று. சொல்லத் துடித்த வாயை மூடிக்கொண்டு, அவர் கேட்கும்வரை காத்திருந்தாள்.

"உலக வரலாறு?"

"அறுபத்துமூணு."

"மொத்தம்?"

"அறுபது புள்ளி நாலு."

அவர் முகம் மெல்ல மலர்ந்தது. எழுபத்தெட்டுக்கு அந்த முகம் இப்படி மலர்ந்ததில்லை. கேன்டீன் அக்கா தேநீர் கொண்டுவந்து, டக் டக் என்று இரண்டு தட்டு தட்டி வைத்துவிட்டுப் போனார். அவர் கையை நீட்டி எடுத்துக்கொண்டார். அச்சு தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அறுபத்துமூணுல எத்தன என்னோடது?" என்று கேட்டார். கேட்கும்போதே உதட்டில் குறும்பு.

"அறுபத்துமூணும்" என்றாள் அச்சு. "இத்தாலி கொண்டுபோன மார்க்கும் உங்களோடதுதான் அண்ணா."